வீட்டு மனையில் நின்ற லாரி

ஒரு லாரிக்குப் பாடி கட்டுகிற காசில் ஒரு வீடு கட்டிவிடலாம். தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைத்தவளுக்கு லாரியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். என் வீட்டுக்கென்று வைத்திருந்த காசில்தான் அந்த லாரிக்குப் பாடி கட்டினார்கள். அதனால் தெரியும்.

கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்ததிலிருந்து ஏழு வாடகை வீடு மாறியிருக்கிறோம். ஒரு வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஒரு வீட்டில் அம்மி அரைத்தால் சத்தம் கேட்கிறது என்பார்கள். இன்னொரு வீட்டுக்காரம்மாள், நான் குழாயில் பிடிக்கிற குடங்களை வாசலில் உட்கார்ந்து எண்ணுவாள். என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, “என்ன, இத்தனை செருப்பு கெடக்கு? சொல்லிட்டுக் கூட்டம் கூட்டக் கூடாதா?” என்று மாப்பிள்ளை வீட்டார் காதில் விழும்படி கேட்டாள். அன்றைக்கு நான் அடுப்படியில் நின்றுகொண்டு, செத்தாலும் சொந்த வீட்டில்தான் சாக வேண்டும் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அப்போதெல்லாம் யாரிடமும் எதையும் சொல்லத் தெரியாது. அஞ்சாம் வகுப்பில் வாத்தியார் கேள்வி கேட்டால்கூட, பதில் தெரிந்தும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன்.

மகள் கல்யாணம் முடிந்து விளாத்திகுளம் பக்கம் போன பிறகு, சீட்டுப் போட்டும் கம்மலை விற்றும் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மூன்று சென்ட் மனை வாங்கினேன். அதற்குப் பிறகும் பத்து வருஷம் குச்சி அடைத்தேன். விரல் நுனியெல்லாம் மரத்துப்போகும். அந்தக் காசு தபால் ஆபீஸில் கிடந்தது. கரிசலில் வீடு கட்டுவது லேசான காரியம் இல்லை. வெயிலில் பிளக்கும், மழையில் உப்பும், சுவரை அப்படியே கொண்டுபோய்விடும். ஆழமாக வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டிச் சரள் கொட்டி, தண்ணீர் விட்டு இடித்து, அதற்கு மேல்தான் கல் வைக்க வேண்டும். கொத்தனார் சொன்னபடி இரண்டு லோடு சரள் வாங்கி மனையில் குவித்து வைத்தேன். தை பிறந்ததும் வானம் தோண்டுவதாக இருந்தது. இரண்டு அறை, ஒரு அடுப்படி, தனியாகக் கழிப்பிடம். தீப்பெட்டி ஆபீஸில் கிடக்கிற அட்டையில் கோடு போட்டு வரைந்துகூட வைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். ஒரே முதலாளியிடம் இருபத்தெட்டு வருஷம் வண்டி ஓட்டினார். தீப்பெட்டிப் பண்டல் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வர இருபது நாள் ஆகும். தொண்ணூறுகளின் கடைசியில் முதலாளி தொழிலை முடித்துக்கொண்டார். வேலை பார்த்த எல்லோருக்கும் ஒரு தொகை கொடுத்து அனுப்பினார். இவருடைய முறை வந்தபோது, பணம் வேண்டுமா, இல்லை கொட்டடியில் கிடக்கிற மூக்கு லாரி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். முன்னால் எஞ்சின் நீட்டிக்கொண்டிருக்கிற பழைய வண்டியை மூக்கு லாரி என்பார்கள். இவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதன்முதலாக ஓட்டிய வண்டி அது. பதினைந்து வருஷமாகக் கொட்டடியில் கிடந்தது. சீட்டுக்கு அடியில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. மூக்கில் ஆட்டைக் கட்டியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“ஏட்டி, முதலாளி நம்ம மூக்கு லாரியைக் குடுத்துட்டாரு.”

“பணம்?”

“அதான் லாரியைக் குடுத்துட்டாருன்னு சொல்லுதேன்லா.”

நான் கேட்டது புரியாமல்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். புரிந்துதான் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம் என் தபால் ஆபீஸ் பணத்துக்கு வந்தார். கேட்கவில்லை, சொன்னார். “ஆறு மாசம்தான். வண்டி ரோட்டுல ஏறிட்டா மாசம் நாலு நடை. வருசம் திரும்பையில உனக்கு மாடி வீடே கட்டுதேன்.” வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “ம்” என்று வந்தது. அந்த ஒரு ‘ம்’முக்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வரும்.

நாமக்கல்லில் கொண்டுபோய் விட்டால் ஒரு மாதத்தில் பாடி கட்டிக் கொடுத்துவிடுவார்கள். இவருக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் எல்லா வண்டிக்கும் ஒரே சட்டையைத் தைத்து மாட்டுகிறார்கள் என்றார். ஆசாரி ஒருவரையும், தகர வேலைக்கு ஓர் ஆளையும் பேசி, வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக் கொண்டுவந்து நிறுத்தினார். எங்கே? என் மனையில். நான் அட்டையில் வரைந்து வைத்திருந்த முன்னறை இருக்க வேண்டிய இடத்தில் அதன் மூக்கு இருந்தது.

எங்கள் ஆபீஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி அடைக்கிறவள் ஒருத்தி உண்டு. அவள் புருஷன் லாரி புக்கிங் ஆபீஸில் லோடுமேன். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

“என்ன மதினி, உங்க வீட்டுக்கு ஆறு டயராமே?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

இரண்டு மாதத்தில் முடியும் என்று ஆசாரி சொன்ன வேலை எட்டு மாதம் ஆனது. செங்கோட்டையிலிருந்து தேக்கு வந்தது. பழைய எஞ்சினை இறக்கி எடைக்குப் போட்டுவிட்டு, விபத்தில் சிக்கிய வேறொரு லாரியின் எஞ்சினை வாங்கி வைத்தார்கள். கதவுக்குப் பித்தளைக் கைப்பிடி. சீட்டுக்குச் சிவப்பு ரெக்ஸின், அதில் பொத்தான் வைத்துத் தையல். பெயிண்டர் வந்து இரண்டு கதவிலும் மயில் வரைந்தார். ஒரு மயிலின் கண் சரியில்லை என்று இவர் மூன்று தடவை அழித்து வரையச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் என் பணம்தான். நான் மத்தியானம் ஆபீஸிலிருந்து ஓடிவந்து, தூக்குவாளியில் வேலைக்காரர்களுக்கு டீ கொண்டுபோவேன். ஒவ்வொரு நாளும் வண்டியில் ஏதாவது புதிதாக ஏறியிருக்கும்.

ஒருநாள் ஆசாரியும் இவரும் வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணாச்சி, சைடு பலகை இடுப்பு உசரம்தான்னா பண்டல் லோடு நிக்காதே. இப்ப வார வண்டியெல்லாம் ஆள் உசரத்துக்கு மேல கட்டுதான். கேபின் மேலயும் பலகை அடிச்சு அங்கனயும் ஏத்துதான். நீங்க கேபின் கூரையை வளைவாக் கேக்கீங்க. வழுக்கிட்டுல்லா விழும்?”

“இந்த வண்டி வந்தப்ப இப்பிடித்தான் இருந்துச்சு. எனக்கு அப்பிடியே வேணும்.”

“அப்ப எம்புட்டு லோடு ஏத்துனிய? இப்ப எம்புட்டு ஏத்துதாவ?”

“குதிரைக்குச் சேணம் கட்டச் சொன்னா நீரு கழுதைக்குப் பொதி கட்டுதீரே ஆசாரியாரே.”

“கழுதை பொதி சுமந்தா காசு வரும் அண்ணாச்சி. குதிரைக்கு நீங்கதான் புல்லு போடணும்.”

தகர வேலைக்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. ஆசாரி என் பக்கம் திரும்பினார். “மதினி, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. பொறவு என்னைக் கொறை சொல்லக் கூடாது.”

ஆசாரி சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. பண்டல் என்பது நான் தினமும் கண்ணால் பார்க்கிற சாமான். கனமே கிடையாது, இடத்தைத்தான் அடைக்கும். அதை உயரமாக அடுக்கினால்தான் வாடகை கட்டும். லாரியைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே அது தெரிந்தது. இருபத்தெட்டு வருஷம் அதே பண்டலை ஏற்றிக்கொண்டு போனவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். வண்டியைப் பார்க்கும்போது அவருக்குப் பண்டல் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். நான் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

ஐப்பசி மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்ததில் மனை களியாகிவிட்டது. நாலாம் நாள் போய்ப் பார்த்தால் லாரியின் பின் சக்கரங்கள் பாதிக்கு மேல் உள்ளே இறங்கி, வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. டிராக்டர் கொண்டுவந்து இழுத்தார்கள். சங்கிலி அறுந்தது. பிறகு யாரோ ஒரு புத்திசாலி என் சரள் குவியலைக் காட்டியிருக்கிறான். நான் ஆபீஸ் விட்டு வந்தபோது என் இரண்டு லோடு சரளையும் அள்ளி, சக்கரத்துக்கு அடியில் கொட்டி, மிதித்து, வண்டியை மேலே ஏற்றிவிட்டார்கள். இவர் முழங்கால் வரை களியோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

“வானத்துக்கு வாங்குன சரளுல்லா அது” என்றேன்.

“சரளுதானட்டி, எங்க போகுது? இங்கனதான கெடக்கு.”

இங்கனதான் கிடந்தது. லாரிக்கு அடியில். லாரிக்கு அஸ்திவாரம் போட்டாகிவிட்டது, எனக்குத்தான் போடவில்லை.

பங்குனியில் வண்டி தயாரானது. அழகாக இருந்தது. அதைப் பொய் சொல்ல மாட்டேன். மெழுகு போட்ட தேக்கு வெயிலில் தேன் மாதிரி மின்னியது. தகுதிச் சான்று வாங்கக் கொண்டுபோனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாராம். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிய அன்று தெருவே மனைக்கு வந்துவிட்டது. கல்யாண மாப்பிள்ளை ஒருவன் அதன்மேல் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். “ராசா தேர் மாதிரி இருக்கு அண்ணாச்சி” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இவர் ஒவ்வொருவருக்கும் கடலை மிட்டாய் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தபால் ஆபீஸ் புத்தகத்தில் அன்றைக்குக் கிடந்தது, அந்தக் கணக்கை மூடாமல் வைத்திருக்கத் தேவையான பணம் மட்டும்தான்.

முதல் லோடுக்கு வண்டி புக்கிங் ஆபீஸுக்குப் போனது. அங்கே நடந்ததை இவர் என்னிடம் சொல்லவில்லை. லோடுமேன் பெண்டாட்டி மறுநாள் சொன்னாள்.

புக்கிங் ஆபீஸ் அண்ணாச்சி வெளியே வந்து வண்டியைப் பார்த்துவிட்டு, “அம்சமா இருக்குய்யா. ஆனா இதுல மத்த வண்டியில பாதி பண்டல்தான் ஏறும். டீசல் பாதி குடிக்குமா?” என்றிருக்கிறார்.

“எங்க வீட்டு ஆளு இருக்காவளே, அவிய வாய் சும்மா கெடக்குமா? ‘அண்ணாச்சி, பண்டலை ஏத்தவா, இல்ல வண்டிக்கு மாலை போட்டுக் கும்புடவா?’ன்னு கேட்டுருக்காவ” என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். “வருத்தப்படாதீய மதினி. ஊரே அந்த வண்டியப் பத்தித்தான் பேசுது” என்றாள். அதுதான் எனக்கு வருத்தமே.

பழகின முகத்துக்காக மதுரைக்கு ஒரு நடை கொடுத்தார்கள். அதில் டீசல் காசு போக மிஞ்சியது ஒரு வாரச் சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. அதற்குப் பிறகு பண்டல் லோடுக்கு யாரும் கூப்பிடவில்லை.

வேறு லோடே இல்லையா என்றால், இருந்தது. விளாத்திகுளம் பக்கமிருந்து கரி வியாபாரி ஒருவர் வந்தார். அந்தப் பக்கம் கருவேலங்கரிக்கு எப்போதும் வண்டி வேண்டும். “கரியா? என் வண்டியிலயா?” என்று கேட்டு அவரைத் திருப்பி அனுப்பினார். தூத்துக்குடி உப்புக்குக் கேட்டார்கள். உப்பு தகரத்தைத் தின்றுவிடும் என்றார். மிளகாய் வற்றல் மூடை ஏற்றச் சம்மதித்தார். ஆனால் மூடையைக் கொக்கி போட்டு இழுத்தால் பலகையில் கீறல் விழும், கையால்தான் தூக்கி வைக்க வேண்டும் என்று லோடுமேன்களிடம் சட்டம் பேசினார். வண்டியின் அடிப்பலகையில் வீட்டுச் சமுக்காளத்தை வேறு விரித்து வைத்திருந்தார். லோடுமேன்கள் இரண்டு மூடை ஏற்றிவிட்டு, “பெரியவரே, இது மூடை, பச்சப்பிள்ளை இல்ல” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள். அந்தச் சமுக்காளத்தில் ஏறின வற்றல் நெடி எத்தனை துவைத்தும் போகவில்லை. படுத்தால் கண் எரியும்.

கோயில் கொடைக்குச் சப்பரம் வைக்க வந்து கேட்டார்கள். அதற்கு மட்டும் உடனே சரி என்றார். வாடகை கிடையாது, சாமி காரியம். அதைப் பார்த்துப் பக்கத்து ஊர்க்காரர்களும் கேட்டார்கள். அவர்களுக்கும் சாமி காரியம்தான். டீசல் மட்டும் எங்கள் காரியம். மற்ற நாட்களில் வண்டி மனையில் நிற்கும். காலையில் எழுந்ததும் போய் அதைக் கழுவுவார். எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருதரம் வரும். நான் குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கி, கால் கழுவுகிற தண்ணீரைக்கூட முருங்கைக்கு விடுகிறேன். அவர் நாலு குடத்தைக் கொண்டுபோய் லாரியின் முகத்தில் ஊற்றுகிறார். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்.

“தெனமும் ஓடாத வண்டிக்கு எதுக்குத் தெனமும் குளிப்பு?”

“ஓடாமக் கெடந்தாத்தான்ட்டி தூசி படியும்” என்றார்.

அந்தக் காலத்தில் நான் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதையெல்லாம் சேர்த்தால் ஒரு லோடு வரும். பெட்டி அடைக்கும்போது எனக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பேன். வேகம் குறைந்துவிடும். கணக்கப்பிள்ளை சத்தம் போடுவார்.

இப்படி இரண்டு வருஷம் போனது. நாங்கள் இருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒருநாள் வந்து, வாசலில் நின்றபடியே சொன்னார். “மகன் வெளிநாட்டுல இருந்து வாரான். வீட்டை இடிச்சுக் கட்டப் போறோம். தையில காலி பண்ணிருங்க.”

வீடு தேடி அலைந்தேன். எனக்கு அறுபதை நெருங்கியிருந்தது, இவருக்கு அறுபத்தைந்து. வாடகை பேசுகிறவரைக்கும் நன்றாகப் பேசுவார்கள். “வீட்ல எத்தன பேரு?” “நாங்க ரெண்டு பேருதான்.” உடனே முகம் மாறிவிடும். இரண்டு கிழடுகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிப்போனால் வேறு ஆள் குடிவர யோசிப்பார்கள் என்கிற பயம். ஒரு அம்மாள் வாய்விட்டே கேட்டாள், “ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?” என்று. தை மாதத்துக்கு நாலு மாதம் இருந்தது. எனக்கென்று மூன்று சென்ட் மனை இருந்தது. அதில் ஒரு லாரி இருந்தது.

மகளிடம் போய் இருக்கலாம் என்றார் இவர். மாமியார் இருக்கிற வீட்டில் மகளே ஒரு மூலையில் இருக்கிறாள். அங்கே நாங்கள் எந்த மூலைக்குப் போவோம்?

அந்தச் சமயத்தில்தான் ஒரு தரகர் மூலம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்தார். பெரிய மில்காரர். பழைய கார், பழைய லாரியெல்லாம் வாங்கிச் சேர்த்து வைக்கிறவர் என்று தரகர் சொல்லியிருந்தார். இவர் அன்றைக்கு இரண்டு தடவை வண்டியைக் கழுவினார். நான் டீ கொண்டுபோய், வழக்கம்போல வண்டிக்குப் பின்பக்கம் நின்றுகொண்டேன். இது போனால் வீடு, போகாவிட்டால் தையில் தெரு.

வந்தவர் மூக்கைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தார்.

“ஏனுங்க, இது இந்த வண்டியோட எஞ்சினு இல்லீங்களே?”

“மாத்துனது அண்ணாச்சி. நல்லா இழுக்கும்.”

“பழைய எஞ்சினு எங்கீங்க?”

“எடைக்குப் போட்டாச்சு.”

“உள்ள மீட்டரெல்லாம் இருந்திருக்குமே?”

“அதெல்லாம் துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. புதுசு வாங்கிப் போட்டேன்.”

அவர் டார்ச்சை அணைத்துவிட்டார். நல்ல மனுஷர், கோபமாகப் பேசவில்லை. “பெரியவரே, தப்பா நெனச்சுக்காதீங்க. ஆசை ஆசையாத்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா நாங்க பழசைப் பழசாத்தானுங்க வாங்குவோம். கொட்டடில கெடந்த மாதிரியே வெச்சிருந்தீங்கன்னா, இப்பச் சொல்லப்போறதைவிடக் கூடுதலாக் குடுத்திருப்பனுங்க.”

பிறகு ஒரு தொகை சொன்னார். நாங்கள் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு. நான் வண்டியின் பின் கதவைப் பிடித்துக்கொண்டேன். லோடு அடிக்கிறவனுக்கு இந்த வண்டி பழசு, பழசைத் தேடி வருகிறவனுக்கு இது புதுசு. என் பத்து வருஷக் காசைப் போட்டு, இரண்டு பேருக்கும் ஆகாத ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார். ஒன்றுமே செய்யாமல் கோழியோடும் ஆட்டோடும் அப்படியே விட்டிருந்தால் லாபம்.

இவர் மெதுவாகக் கேட்டார். “கதவுல மயிலு இருக்குல்லா, அதை என்ன செய்வீங்க?”

“அழிக்கத்தானுங்க வேணும். கம்பெனிக் கலருக்குக் கொண்டுவரோணும்.”

“அப்ப வேண்டாம். வண்டி விக்கிறதா இல்ல.”

வந்தவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் காரைப் பார்த்து நடந்தார். தரகர் பின்னாலேயே ஓடினார். நான் அந்த நேரம் எதையும் யோசிக்கவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிட்டேன். கையில் டீ டம்ளர் இருந்தது.

“வண்டிய எடுத்துக்கிடுங்க” என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்நிய ஆம்பிளைகள் முன்னால் அவர் பேச்சுக்கு எதிராக நான் பேசின முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. இவர் முகம் சிவந்துவிட்டது.

“ஏட்டி, உள்ள போ.”

“உள்ள போக வீடு எங்க இருக்கு?”

நான் சுற்றிலும் பார்த்தேன், உண்மையிலேயே எங்கே போவது என்று. லாரி நின்றது, நாலு மூலைக்கல் நின்றது, வேறு ஒன்றுமே இல்லை. தரகர்தான் முதலில் வாயைத் திறந்தார். “அக்கா சொல்லுதது சரிதான அண்ணாச்சி” என்றார். இவர் தரகரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மூலைக்கல்லில் போய் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் சரி என்று சொல்லவே இல்லை. வேண்டாம் என்று மறுபடி சொல்லவும் இல்லை. அதை வைத்துத்தான் வியாபாரம் முடிந்தது.

வண்டியை எடுக்க அவர்கள் டிரைவர் அனுப்பினார்கள். இவர் அவனிடம் சாவி கொடுக்க மாட்டேன் என்று சொல்லி, தானே கோயம்புத்தூர் வரை ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, மறுநாள் பஸ்ஸில் வந்து இறங்கினார். சாப்பிட்டார், படுத்தார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மனதுக்குள் ஒன்றே ஒன்றுதான் உறுத்திக்கொண்டிருந்தது. இப்படி வாயைத் திறந்து ஒரு வார்த்தையை ஆசாரி என்னைப் பார்த்துக் கேட்ட அன்றைக்கே சொல்லியிருந்தால், இடுப்பு உயரப் பலகையாவது ஆள் உயரம் ஆகியிருக்கும். பணத்தை எடுக்க வந்த அன்றைக்குச் சொல்லியிருந்தால் வீடே ஆகியிருக்கும். அவர் ஆசைப்பட்டதைக்கூட என்னால் மன்னிக்க முடிகிறது. நான் டம்ளர் கழுவப் போனதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

வந்த பணத்தில் வானம் தோண்டுவதற்கே கால்வாசி போய்விட்டது. ஒரு அறை, ஒரு அடுப்படி, மேலே சிமெண்ட் சீட். இரண்டாவது அறைக்கு முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழும்பியபோது பணம் தீர்ந்தது. தை மாதம் பால் காய்ச்சிக் குடிபோனோம். மகள், பேத்தி, உறவு என்று வந்தவர்கள் எல்லாரும், “சின்னதா அழகா இருக்கு” என்றார்கள். லாரியையும் இப்படித்தான் அழகாக இருக்கிறது என்றார்கள்.

இப்போதும் கேட்கிறார்கள். பழைய வண்டியை வாங்கிப் புதுசாக்கினால் காசு தேறுமா அத்தை, நீங்கள்தான் பண்ணிப் பார்த்தவர்களாயிற்றே என்று சொந்தத்தில் ஒருவன் போன மாதம்கூடக் கேட்டான். நான் அவனிடம், உன் பெண்டாட்டியைக் கேட்டாயா என்றேன். அவன் சிரித்தான். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

குடிவந்த முதல் சித்திரையில் ஒரு மத்தியானம். சிமெண்ட் சீட்டின் கீழே அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. இவர் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுத்திருந்தார். விசிறியை வீசிக்கொண்டே சொன்னார்.

“லாரி கேபின்ல இம்புட்டு வெக்கை இருக்காதுட்டி. தேக்கு பாரு, உள்ள குளுகுளுன்னு இருக்கும்.”

“அப்ப அதுலயே போய்ப் படுத்திருக்கலாம்லா.”

“அதான் வித்துட்டியே.”

“வித்தேன். ரெண்டு வருசம் பிந்தி வித்தேன்.”

அவர் விசிறியை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் எழுந்துபோய், பாதியில் நிற்கிற அடுத்த அறையின் சுவர்மேல் வற்றல் காயப்போட்டேன். அதற்குத்தான் அது இன்றுவரை ஆகிறது.